கணித பிஎச்டியை நிறுத்தப் போகிறார்களாம், என் மகள் திரும்பி வந்துவிடலாமா?

கேள்வி: விருதுநகரில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பிஎச்டி செய்கிறாள். இரண்டாம் வருடம் முடியப் போகிறது, ஆய்வுக்குள் போகும் முன் எழுத வேண்டிய குவாலிஃபையிங் தேர்வுகளில் தேறிவிட்டாள். மாணவர்கள் குறைந்துபோய்ப் பணப் பற்றாக்குறை வந்துவிட்டது என்று பல்கலைக்கழகம் எல்லாப் படிப்புகளையும் பரிசீலித்துப் போன மாதம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் கணித பிஎச்டிக்கு நேராக 'நிறுத்தப் பரிந்துரை' என்று போட்டிருக்கிறதாம். அவளுடைய கைடு கவலைப்படாதே என்கிறார். ஆனால் அவரே வேறு ஊரில் இண்டர்வியூவுக்குப் போய்வந்தார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். கணக்கே வேண்டாம் என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுக்குமா? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இவள் ஒழுங்காகப் பாடம் நடத்தாததால் வந்த வினையா? திரும்பி வந்துவிடு என்று சொல்லிவிடவா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரச் சொல்லாதீர்கள். அவள் பாடம் நடத்திய விதத்துக்கும் இந்தப் பட்டியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பட்டியல் போட்டவர்கள் அவளுடைய பெயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதை அவளிடம் இன்றைக்கே போனில் சொல்லுங்கள். இந்த மாதிரி நேரத்தில் நம் பிள்ளைகள் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களில் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொல்லும் பட்டியல்களுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணைகளை அந்த அலுவலகம்தான் தயாரிக்கும். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நீங்கள் கணக்கு டீச்சர், பொறுத்துக்கொள்வீர்கள்.

மாணவர்கள் ஏன் குறைகிறார்கள்? அமெரிக்காவில் 2007-இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். மறு வருடம் பொருளாதாரச் சரிவு வந்தது. பிறப்பு குறையத் தொடங்கியது, பிறகு பழைய அளவுக்கு ஏறவே இல்லை. 2023-இல் 36 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. 2007-இல் பிறந்த குழந்தைக்கு 2025-இல் 18 வயது. அதாவது கல்லூரி வாசலில் வந்து நிற்கும் கூட்டம் இனி வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களை இது அவ்வளவாகத் தொடாது. உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பி நடக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் அடி. இதோடு மாநில அரசின் மானியமும் இறுகினால், மிச்சம் இருப்பது மாணவர் கட்டும் பணம் மட்டும். அந்தப் பணத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுடைய பங்கும் சின்னதல்ல. 2023-24-இல் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முழுக் கட்டணம் கட்டி முதுகலை படிக்க வந்தவர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா அனலிடிக்ஸ் முதுகலைகள் இந்த மாதிரிப் பட்டியல்களில் எப்போதும் மேல் அடுக்கில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, எதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள்? வடக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ராபர்ட் டிக்கசன் 1999-இல் ஒரு முறையை எழுதி வைத்தார். பத்து அளவுகோல்கள். வெளியில் அந்தப் படிப்புக்குத் தேவை இருக்கிறதா, உள்ளே மற்றத் துறைகளுக்கு அது தேவைப்படுகிறதா, வரவு என்ன, செலவு என்ன, தரம் எப்படி என்று போகும் அந்த வரிசை. ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று வைத்துக் கூட்டி, படிப்புகளை அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள். ஐந்து அடுக்கு என்பது வழக்கம். கடைசி அடுக்கில் விழுந்தவைதான் உங்கள் மகள் பார்த்த பட்டியலில் இருப்பவை. முறையில் பெரிய குறை ஒன்றும் இல்லை. பத்து அளவுகோலுக்கும் எத்தனை எத்தனை மதிப்பெண் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவசரம் வந்துவிட்டால் பத்தும் மறைந்து இரண்டே மிஞ்சும்: இந்தப் படிப்பில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எவ்வளவு செலவு ஆனது.

கணிதத் துறை அடிபடுவது இந்த இடத்தில்தான். ஹோட்டலில் சாம்பாருக்கு யாரும் தனியாகப் பில் போடுவதில்லை. பில்லை மட்டும் பார்க்கிற முதலாளிக்குச் சாம்பார் வெறும் செலவாகத்தான் தெரியும். கணிதத்தில் பட்டம் வாங்குபவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் கால்குலஸ் படிக்காமல் ஒரு இன்ஜினியரிங் மாணவனும் மேலே போக முடியாது. நர்சிங்குக்குப் புள்ளியியல் வேண்டும், பிசினஸ் மாணவர்களுக்கு அல்ஜீப்ரா வேண்டும். பருவத்துக்கு இரண்டாயிரம் பேர் கணித வகுப்புகளில் உட்கார்ந்திருப்பார்கள். பட்டங்களை எண்ணினால் துறை கடைசி அடுக்கு. வகுப்பில் இருக்கும் தலைகளை எண்ணினால் முதல் அடுக்கு. துறை ஒன்றுதான், எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு.

பிஎச்டிக்கு வருவோம். உங்களுக்காக ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை, அமைப்பு நிஜம். துறையில் 15 பிஎச்டி மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 22,000 டாலர் உதவித்தொகை, 25,000 டாலர் கட்டண விலக்கு. ஒவ்வொருவரும் பருவத்துக்கு இரண்டு இளங்கலை வகுப்புகள் நடத்துகிறார்கள். அட்டவணை போடுபவர் 22,000-ஐயும் 25,000-ஐயும் கூட்டி 15-ஆல் பெருக்குவார்: 7,05,000 டாலர் செலவு. இவர்களை நிறுத்திவிட்டால் அந்த 30 வகுப்புகளுக்கு ஆள் வேண்டும். பருவத்துக்கு நான்கு வகுப்பு எடுக்கும் விரிவுரையாளர் ஒருவருக்குச் சலுகைகள் எல்லாம் சேர்த்து 71,500 டாலர் என்றால், எட்டுப் பேருக்கு 5,72,000. ஆகவே நிறுத்தினால் 1,33,000 டாலர் மிச்சம். பட்டியலில் 'நிறுத்தப் பரிந்துரை' வந்துவிடும்.

இப்போது நீங்கள் விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு பாருங்கள். அந்தக் கட்டண விலக்கு யாருக்கும் கையிலிருந்து கொடுத்த காசு இல்லை. உங்கள் மகளுக்கு விலக்கு இல்லையென்றால் 25,000 கட்டிக்கொண்டா அங்கே படிக்கப் போயிருப்பாள்? போயிருக்க மாட்டாள். அந்தப் பணம் எப்போதுமே வந்திருக்காது. அதை எடுத்துவிட்டால் உண்மைச் செலவு 3,30,000 மட்டும். நிறுத்தினால் வருடத்துக்கு 2,42,000 டாலர் நஷ்டம்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. பிஎச்டி மாணவர்களுக்கென்று நான்கைந்து பேர் மட்டும் உட்காரும் மேல்நிலை வகுப்புகளைப் பேராசிரியர்கள் எடுக்கிறார்கள். பருவத்துக்கு எட்டு வகுப்பு என்று வையுங்கள். பிஎச்டி இல்லையென்றால் அதே பேராசிரியர்கள் எட்டு இளங்கலை வகுப்புகளை எடுக்கலாம். அப்போது 22 வகுப்புகளுக்குத்தான் ஆள் தேவை, ஆறு பேர் போதும், 4,29,000. அப்படியும் நிறுத்துவது நஷ்டம்தான். ஆனால் ஒவ்வொரு மாணவரும் இரண்டுக்குப் பதில் ஒரே வகுப்புதான் எடுக்கிறார்கள் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், விடை திரும்பிவிடும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அட்டவணையில் கடைசியாக வரும் எண்ணைப் பார்த்துப் பயன் இல்லை. அதற்கு மேலே எதைச் செலவு என்று எழுதியிருக்கிறார்கள், எதை எண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் மகளின் துறை மேல்முறையீடு செய்வதானால் இந்தக் கட்டண விலக்கு வரியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அந்த மாநிலத்திலேயே பெரியது, ஆராய்ச்சியில் முதல் தரவரிசையில் அங்கே இருந்த ஒரே பல்கலைக்கழகம். 2010-க்கும் 2020-க்கும் நடுவில் விகிதப்படி மிக அதிகமாக மக்கள்தொகையை இழந்த மாநிலமும் அதுதான். அப்படி இருந்தும் 2020-க்குள் 40,000 மாணவர்கள் என்று ஒரு காலத்தில் இலக்குச் சொன்னார் அதன் தலைவர் கார்டன் கீ. நடந்தது நேர்மாறு. 2015-இலிருந்து மாணவர் எண்ணிக்கை சுமார் 10 சதவீதம் குறைந்தது. 2023-இல் 4.5 கோடி டாலர் பற்றாக்குறை. ஆலோசனை நிறுவனம் ஒன்றின் துணையோடு பரிசீலனை நடத்தி, ஆகஸ்டில் 32 படிப்புகளையும் 169 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்கப் பரிந்துரைத்தார்கள். மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து போராடினார்கள். ஆசிரியர் பேரவை 797-க்கு 100 என்ற கணக்கில் தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டது. செப்டம்பர் 15 அன்று நிர்வாகக் குழு வாக்களித்தபோது எண்ணிக்கை 28 படிப்புகள், 143 பணியிடங்கள் என்று குறைந்திருந்தது. கணிதத்தில் முதுகலையும் பிஎச்டியும் அந்த 28-இல் உண்டு. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தலைவர் பிரைனா க்ரா ஆகஸ்டிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதியும் மாறவில்லை.

ஆனால் 32 எப்படி 28 ஆனது என்பதைக் கவனியுங்கள். படைப்பிலக்கிய முதுகலை முறையீட்டில் தப்பியது. உலக மொழிகள் துறையை அடியோடு எடுப்பதாக இருந்தார்கள், கடைசியில் ஸ்பானிஷும் சீனமும் கற்பிக்கச் சிலரை மட்டும் விட்டுவைத்தார்கள். 'பரிந்துரை' என்ற சொல்லுக்கும் இறுதி முடிவுக்கும் நடுவில் சில வாரங்கள் உண்டு, அந்த வாரங்களில் சில விஷயம் நகரும். உங்கள் மகளின் பல்கலைக்கழகம் இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

விஸ்கான்சினில் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழகம் 2018 மார்ச்சில் ஆங்கிலம், வரலாறு உட்பட 13 படிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் அது ஆறாகக் குறைந்தது. 2019 ஏப்ரலில் ஒன்றையும் நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனம் மாறியதா என்றால் இல்லை. அதற்குள் ஏகப்பட்ட ஆசிரியர்கள் ஓய்வு வாங்கிக்கொண்டும் வேறு வேலை பார்த்துக்கொண்டும் போய்விட்டார்கள், சம்பளச் செலவு தானாகவே குறைந்துவிட்டது. படிப்பு பிழைத்தது, நடத்துகிறவர்கள் போய்விட்டார்கள். உங்கள் மகளுக்கு உண்மையான ஆபத்து இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

இன்னொரு விஷயம். சில மாநிலங்களில் பல்கலைக்கழகத்தின் கையிலேயே முடிவு இல்லை. இந்தியானா மாநிலம் 2025-இல் சட்டமே போட்டுவிட்டது: மூன்று வருடச் சராசரியில் இளங்கலை என்றால் வருடத்துக்கு 15 பேர், முதுகலை என்றால் 7, பிஎச்டி என்றால் 3 பேராவது பட்டம் பெற வேண்டும், இல்லையென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த ஜூன் முடிவதற்குள் அங்கே அரசுக் கல்லூரிகள் தாங்களாகவே 400-க்கும் மேற்பட்ட படிப்புகளை மூடவோ இணைக்கவோ முன்வந்தன. ஒஹையோவில் இளங்கலைக்கு வருடத்துக்கு ஐந்து பேர் என்று ஒரு கோடு. அவள் இருப்பது இப்படிப்பட்ட மாநிலமா என்று கேளுங்கள். அப்படியென்றால் என்னுடைய சாம்பார் கணக்கெல்லாம் எடுபடாது, பட்டங்களின் எண்ணிக்கை ஒன்றுதான் பேசும்.

இனி அவள் செய்ய வேண்டியவை.

ஒரு படிப்பை நிறுத்துகிறோம் என்றால் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துகிறோம் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர்களை முடிக்க வைத்து அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அங்கீகாரம் தரும் அமைப்புகள் கேட்கும். 'டீச் அவுட்' என்பார்கள். வாய்ப்பேச்சில் இது எல்லாருக்கும் கிடைக்கும், அவளுக்கு எழுத்தில் வேண்டும். துறையின் கிராஜுவேட் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். கோபம் இல்லாமல், மூன்றே கேள்வி: எந்தத் தேதிக்குள் நான் பட்டம் முடிக்க வேண்டும்? மிச்சம் இருக்கும் பாடங்கள் எந்தெந்தப் பருவத்தில் நடக்கும்? என் உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி? மூன்றாவது கேள்விக்குத்தான் மழுப்பலான பதில் வரும். சேரும்போது கொடுத்த கடிதத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் உறுதி என்று இருக்கிறதா, அல்லது வருடா வருடம் புதுப்பிக்கப்படும் என்று இருக்கிறதா? இரண்டாவது மாதிரி எழுதியிருந்தால் டீனிடம் புதிதாக ஒரு உறுதிக் கடிதம் கேட்க வேண்டும். கேட்க இதுதான் நேரம். சத்தம் அடங்கிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது கைடு. அவர் கவலைப்படாதே என்பதும் இண்டர்வியூவுக்குப் போவதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. அவர் நிலைமையில் நானும் போவேன். ஆனால் அவள் சுற்றி வளைக்காமல் அவரிடம் கேட்டுவிட வேண்டும்: நீங்கள் வேறு இடம் போனால் என்னையும் அழைத்துப் போக முடியுமா, இல்லையென்றால் வெளியிலிருந்தபடியே என் ஆய்வை முடித்துத் தருவீர்களா? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்பது சகஜம். நம் ஊரில் கைடிடம் இப்படிக் கேட்டால் என்ன நினைப்பார் என்ற தயக்கம் இருக்கும், அதை அவள் விட்டுவிட வேண்டும். இரண்டாம் வருடத்தில் கைடு மாறுவதைத் தாங்கிக்கொள்ளலாம். நான்காம் வருடத்தில் மாறினால் பாதி வேலை வீண்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா? தயார் செய்துகொள்ளட்டும், அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். பிஎச்டியில் இடம் மாறினால் அங்கே குவாலிஃபையிங் தேர்வை மறுபடியும் எழுதச் சொல்வார்கள், ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகப் போகும். ஆகவே கைடும் போய், உதவித்தொகைக்கும் எழுத்தில் உறுதி இல்லை என்றானால் மாறுவது சரி. இரண்டில் ஒன்று நிலைத்தால் அங்கேயே இருந்து முடிப்பதுதான் லாபம் என்பது என் கருத்து. எதுவானாலும், முதுகலைப் பட்டத்துக்குத் தேவையான பாடங்களை அவள் ஏறக்குறைய முடித்திருப்பாள். அந்தப் பட்டத்தை வழியிலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு படிவம் நிரப்பும் வேலைதான். முதுகலையும் நிறுத்தப் பட்டியலில் இருந்தால் இதை அடுத்த பருவத்துக்குத் தள்ளக் கூடாது.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். படிப்பை நிறுத்துவதாக அறிவித்த மாத்திரத்தில் அவளுடைய எஃப்-1 மாணவர் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அவள் முழுநேர மாணவியாகப் பதிவில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. சில பல்கலைக்கழகங்கள் மூடும் படிப்பை இன்னொன்றோடு இணைத்து, மாணவர்களைப் புதுப் பெயருக்கு மாற்றுவார்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும். பட்டம் முடித்த பிறகு வேலை பார்க்கக் கிடைக்கும் ஒரு வருடத்துக்கு மேல் இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கிடைக்குமா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. பொருளாதாரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும்: 45.0603 என்றால் நீட்டிப்பு உண்டு, 45.0601 என்றால் இல்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் ஒரே பாடம் படித்திருக்கலாம். கணிதத்தின் 27.0101-க்கு நீட்டிப்பு உண்டு. ஆகவே 'உங்களை இந்தப் புதுப் படிப்புக்கு மாற்றுகிறோம்' என்று கடிதம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் புதுக் குறியீடு என்ன என்று கேட்டுவிட வேண்டும்.

மூடிப்போன துறையின் பட்டத்துக்கு நாளைக்கு மதிப்பு இருக்குமா என்று சொந்தக்காரர்கள் யாராவது நிச்சயம் கேட்பார்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம், அது எங்கேயும் போகவில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் ஆய்வுக் கட்டுரைகளையும் கைடின் சிபாரிசுக் கடிதத்தையும்தான் பார்ப்பார்கள்.

டீனிடமிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்ததும் அதன் வாசகத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு. 'நிதி நிலைமைக்கு உட்பட்டு' என்று ஒரு வரி நடுவில் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.